மட்டக்களப்பில் பால்புதுமையினர் ஆட்டப் பட்டறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில், மட்டக்களப்பு நகரை அண்டிய ஒரு மண்டபத்தில் நாங்கள் நடத்திவரும் ஆட்டப் பட்டறையைப் பற்றித் தொலைபேசியிலும், மண்டப வாசலிலும், ஒருமுறை செத்த வீட்டுப் பந்தலிலும்கூட என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. ஒரே ஐயம் இருபதாவது தடவையாக வந்தபோது எழுதிவைப்பதே மேல் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

இது என்ன வகுப்பு? பரதமா, கூத்தா, சினிமாப் பாட்டுக்கு ஆடுறதா?

மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. ஆனால் அடித்தளம் எங்கள் பகுதிக் கூத்தின் ஆட்டங்கள்தான். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வளர்ந்தவர்களுக்கு மத்தளச் சத்தம் பிள்ளைப் பருவத்திலேயே காதில் ஏறியிருக்கும்; அந்தத் தாளத்தைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, நினைவூட்டினால் போதும். கூத்தின் இரு பாணிகளான வடமோடியின் வேகமும் தென்மோடியின் இழுவையும் முதலில் வரும். அதன்பின் அவரவர் கொண்டுவருவது சேரும்: ஒருவர் பரதத்தின் அடவோடு வருவார், ஒருவர் கோலாட்டத்தோடு வருவார், இன்னொருவர் தொலைக்காட்சி பார்த்துப் பழகிய சினிமா அசைவோடு வருவார்.

பரீட்சை, தரம், சான்றிதழ் எதுவும் இல்லை. முறையாகப் படித்துப் பட்டம் பெற விரும்புவோருக்குக் கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியல் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. எங்கள் வேலை வேறு: தன் உடம்பை ஒளித்து ஒளித்தே நடந்து பழகியவர்களுக்கு, மாதத்தில் இரண்டு பின்னேரங்களிலாவது அதை விரித்துப் பார்க்க ஓர் இடம் கொடுப்பது.

பால்புதுமையினர் என்டா ஆர்? திருநங்கையா?

திருநங்கையரும் அதில் அடங்குவர், ஆனால் அவர்கள் மட்டும் அல்லர். பிறந்தபோது குறிக்கப்பட்ட பாலுக்குள் தம்மை அடக்க முடியாத திருநங்கையர், திருநம்பியர், ஆண் பெண் என்ற இரண்டிலும் நில்லாதவர்கள், தன் பாலினர் மீது ஈர்ப்புக் கொண்டவர்கள், இரு பாலினர் மீதும் ஈர்ப்புக் கொண்டவர்கள், உடலமைப்பிலேயே இருபாற் கூறுகளோடு பிறந்த ஊடுபால் மக்கள் ஆகிய எல்லோரையும் சேர்த்துச் சொல்லும் சொல் அது.

இச்சொல் இன்னும் எல்லார் வாயிலும் புழங்கவில்லை என்பது உண்மைதான். தமிழ்நாட்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் பணிப்பை அடுத்து, 2022ஆம் ஆண்டு அரசே மதிப்பான சொற்களின் பட்டியல் ஒன்றை அரசிதழில் வெளியிட வேண்டியிருந்தது. அந்தளவுக்கு ஏச்சுச் சொற்கள் மட்டுமே நிறைந்து கிடந்தன. பட்டறையில் நாங்கள் வைத்திருக்கும் வழக்கம் எளிது: ஒருவர் தன்னை எப்படிச் சொல்கிறாரோ அப்படியே நாங்களும் சொல்வோம். எதுவும் சொல்லாதவரிடம் கேட்கமாட்டோம்.

எனக்கு ஆடவே தெரியாது. வந்து என்ன செய்யிற?

நடக்கத் தெரிந்தால் போதும். நடக்க முடியாதவர்களுக்கும் பதில் கீழே இருக்கிறது. முதல் அரை மணி நேரம் முழுக்க நடைதான். ஏற்கெனவே நன்றாக ஆடத் தெரிந்தவர்களுக்கே, என் அனுபவத்தில், இங்கே கொஞ்சம் கூடச் சிரமம் ஏற்படுகிறது. அவர்களுக்குச் சரி பிழை என்ற எண்ணம் காலிலேயே ஊறிப்போயிருக்கும்.

நான் அப்படியான ஆள் இல்ல. எனக்கும் வரலாமா?

வரலாம். இப்போது வருவோரில் சிலர் பால்புதுமையினரின் சகோதரர்கள், தோழிகள். ஒருவர் மத்தளம் அடிக்க வந்து அப்படியே தங்கிவிட்டவர். ஒரே நிபந்தனை, பார்வையாளராக வரக்கூடாது. மண்டபத்துக்குள் கதிரை போட்டு உட்கார்ந்து மற்றவர்களைப் பார்க்கும் இடம் இங்கு இல்லை. உள்ளே வந்தால் வட்டத்தில் நிற்க வேண்டும்.

என்ன உடுத்திட்டு வாற?

கால் அகட்ட முடிந்த எதுவும். சாரம், நீளக் காற்சட்டை, பாவாடை, சல்வார், அபாயா எல்லாவற்றோடும் ஆடியிருக்கிறார்கள். வீட்டிலிருந்து உடுத்து வர முடியாததை ஒரு பையில் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம். மாற்றுவதற்குத் தாழ்ப்பாள் உள்ள இரண்டு அறைகள் உண்டு, எவற்றின் மேலும் ஆண் பெண் என்று எழுதவில்லை. முகப்பூச்சை அழிக்கத் தேங்காய் எண்ணெயும் பழைய பருத்தித் துணியும் நாங்களே வைத்திருக்கிறோம். மையை முழுதாக எடுத்துவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டிய நிலையில் பலர் இருக்கிறார்கள் என்பதால் இதை மறக்காமல் வாங்கி வைக்கிறோம்.

எத்தனை மணிக்கு, எவ்வளவு காசு?

பின்னேரம் மூன்றரைக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடிப்போம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மூன்றரைக்கு மண்டபம் அடுப்பு மாதிரி இருக்கும் என்பதால் அரை மணி நேரம் தள்ளிவைப்பது வழக்கம். கட்டணம் இல்லை. வாசலில் ஒரு தகரப் பேணி இருக்கிறது. போட முடிந்தவர் போடலாம், யார் போட்டார் என்று யாரும் பார்ப்பதில்லை. அந்தக் காசு மண்டப வாடகைக்கும், தேநீருக்கும், கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கங்களிலிருந்து வருவோரின் பஸ் செலவுக்கும் போகிறது. கல்முனையிலிருந்து இங்கு வர ஏறத்தாழ 40 கிலோமீற்றர் இருப்பதால், ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் ஆறு மணிக்கு நிறுத்திவிடுவோம்.

உள்ள என்னதான் நடக்குது? ஒரு நாளைச் சொல்லுங்களன்.

செருப்பைக் கழற்றிவிட்டு வந்ததும் வட்டமாக நடக்கத் தொடங்குவோம். மத்தளம் இன்னும் பேசாது. சிறுவயதில் உங்கள் நடையைப் பற்றி வீட்டிலோ பாடசாலையிலோ சொல்லப்பட்ட ஒரு வாக்கியத்தை நினைத்துக்கொள்ளச் சொல்வோம். ‘இடுப்பை ஆட்டாமல் நட’, ‘பொம்பிளைப் பிள்ளை மாதிரிக் காலை எடுத்து வை’, ‘கையை வீசாதே’ என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கும். முதலில் அந்தக் கட்டளைக்கு அப்படியே கீழ்ப்படிந்து நடக்க வேண்டும். பிறகு அதையே இரண்டு மடங்காக, மூன்று மடங்காகப் பெருப்பித்து நடக்க வேண்டும். நெஞ்சை நிமிர்த்து என்று ஏச்சு வாங்கியவர் மார்பைத் தள்ளிக்கொண்டு சேவல்போல வருவார். அந்த இடத்தில் யாராவது சிரித்துவிடுவார்கள், சிரிப்பு வட்டம் முழுக்கப் பரவும். அதன் பிறகே கட்டளையைக் கைவிட்டு நடக்கச் சொல்வோம். அப்போது மண்டபம் அமைதியாகிவிடும். முப்பது வயது கடந்த ஒருவர், கட்டளை இல்லாத தன் நடை எதுவென்று தெரியாமல் வட்டத்தின் நடுவில் அப்படியே நின்றதைப் பார்த்திருக்கிறேன். அவரை யாரும் அவசரப்படுத்தவில்லை.

பிறகு சதங்கை. எங்களிடம் இருப்பவை பழைய கூத்துச் சதங்கைகள், துணிப்பட்டியில் கோத்தவை, சிலவற்றில் மணிகள் உதிர்ந்திருக்கும். கூத்தில் ஆட்டம் பழகி முடித்த பின் அதற்கென்று நாள் பார்த்துச் சதங்கை அணிவிப்பார்கள். நாங்கள் முதல் நாளே கட்டிவிடுகிறோம், அதுவும் ஒருவர் காலில் இன்னொருவர். குனிந்து, பட்டியை இரண்டு சுற்றுச் சுற்றி, ‘இறுகுதா?’ என்று கேட்டு முடிச்சுப் போட வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான் புதிதாக வந்தவர் முதன்முதலாக வாய் திறப்பார். அதற்குப் பின் மத்தளமும் தாளமும் தொடங்கும். பொடியடி, எட்டுப் போடுதல், வீசாணம் என்று எளிய ஆட்டங்களில் ஒன்றிரண்டை எடுத்து, முதலில் எல்லோரும் ஒன்றாகவும் பிறகு அவரவர் விரும்பியபடி உடைத்தும் ஆடுவோம். கடைசியில் தேநீர், கச்சான் கடலை, கதை. ஆறு மணிக்குச் சதங்கையைக் கழற்றும்போது கணுக்காலில் மணிகள் அழுந்திய சிறு வட்டங்கள் தெரியும். வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் மறைந்துவிடும்.

ஆக்களத் தொட்டு ஆடுவீங்களா? எனக்கு அது ஒத்துவராது.

சதங்கை கட்டுவதைத் தவிர வேறு எதிலும் தொடுகை கட்டாயம் அல்ல, அதையும் தானே கட்டிக்கொள்வேன் என்று சொல்லலாம். தொட வேண்டிய ஆட்டமானால் ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டும். போன வாரம் சரி என்று சொன்னவர் இந்த வாரம் வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு. காரணம் சொல்லத் தேவையில்லை.

எனக்கு ஒரு கால் பொய்க்கால். கூத்தாட்டம் எல்லாம் மிதிச்சு ஆடுற தானே?

போரில் கால் இழந்தவர்கள் வாழும் மாவட்டத்தில் இக்கேள்வியை முதல் நாளே எதிர்பார்த்திருக்க வேண்டும்; நாங்கள் எதிர்பார்க்கவில்லை, அது எங்கள் குறை. இப்போது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இருந்தபடி ஆடும் வடிவம் ஒன்றை வைத்திருக்கிறோம். எட்டுப் போடுவதைக் கையால் போடலாம், சதங்கையை மணிக்கட்டில் கட்டலாம். சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் வீசாணத்தைச் சில்லைச் சுழற்றிச் செய்து காட்டியபோது, நின்று ஆடியவர்களும் அந்தச் சுழற்சியைத் தங்கள் ஆட்டத்தில் எடுத்துக்கொண்டார்கள். மண்டப வாசலில் இரண்டு படிகள் உண்டு. அங்கு மரப்பலகைச் சாய்வு போட்டிருக்கிறோம்.

நான் முஸ்லிம். எங்கட ஆக்கள் அறிஞ்சா அவ்வளவுதான். எனக்கும் இதில இடம் இருக்கா?

காத்தான்குடி, ஏறாவூர், அக்கரைப்பற்று என்று பல ஊர்களிலிருந்தும் வருகிறார்கள். அசர் தொழுகைக்கு ஒரு மூலையில் பாய் விரித்திருக்கும். கிழக்கு முஸ்லிம்களின் களிகம்பை ஆடத் தெரிந்த ஒருவர் வந்தபின், கம்பெடுத்து ஆடுவது எங்கள் வழக்கங்களில் ஒன்றாகிவிட்டது. போர்த்துக்கீச, ஒல்லாந்த வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் கலியாண வீடுகளில் ஆடும் கப்ரிஞ்ஞாவும் அப்படித்தான் உள்ளே வந்தது. அதில் ஆணும் பெண்ணும் எதிரெதிரே இணையாக நிற்பது மரபு. இங்கே யார் யாருக்கு எதிரே நிற்பது என்று யாரும் வகுப்பதில்லை.

ஊரார் அறிவதைப் பற்றிய பயம் எல்லாச் சமூகத்தவருக்கும் பொதுவானது. அதற்கான ஏற்பாடுகளை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

ஆராவது போட்டோ எடுத்து பேஸ்புக்கில போட்டா? மறுகா ஊருக்குள்ள எப்பிடித் தலை காட்டுற?

கைத்தொலைபேசிகள் எல்லாம் வாசலில் ஒரு துணிப் பைக்குள் போய்விடும். அவசர அழைப்புக்கு மண்டபத்தில் ஒரு பொதுத் தொலைபேசி இருக்கிறது. இதில் எவருக்கும் விலக்கு இல்லை, பத்திரிகையாளர் உட்பட. மண்டபத்தின் பெயரை எங்கும் அச்சிடுவதில்லை, வருவதாகச் சொன்னவருக்கு மட்டும் சொல்கிறோம். பதிவேடு இல்லை. நீங்கள் சொல்லும் பெயரே உங்கள் பெயர். அடையாள அட்டையில் என்ன இருக்கிறது என்று கேட்கமாட்டோம்.

தெருவில் சந்தித்தால் நாங்கள் முதலில் கதைக்க மாட்டோம். நீங்கள் கதைத்தால் கதைப்போம். சந்தையில் மரக்கறி வாங்கும்போது என்னைக் கண்டும் காணாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள், அடுத்த ஞாயிறு வந்து கட்டிப்பிடிப்பார்கள். அதில் எனக்கு மனவருத்தம் எதுவும் இல்லை.

பொலிஸ் வந்து பிடிச்சா என்ன செய்யிற? இது சட்டப்படி குற்றம் தானே?

பட்டறை குற்றம் அல்ல. பால்புதுமையினராக இருப்பதும் குற்றம் அல்ல. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டு பிரித்தானியர் கொண்டுவந்தது. அதன் 365ஆம், 365அ பிரிவுகள் ‘இயற்கைக்கு மாறான’ பாலுறவையும் ‘பாரதூரமான இழிசெயலையும்’ தண்டிக்கின்றன. அதாவது அவை ஒரு செயலைப் பற்றியவை. ஓர் ஆளின் அடையாளத்தையோ, நடையையோ, உடையையோ, ஆட்டத்தையோ பற்றியவை அல்ல. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 365அ பிரிவு பெண்களையும் உள்ளடக்குமாறு விரிக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டு இப்பிரிவுகளைத் திருத்தத் தனிநபர் சட்டமூலம் ஒன்று கொண்டுவரப்பட்டபோது, அது அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. ஆனால் அந்தச் சட்டமூலம் நிறைவேறவில்லை. எனவே பழைய பிரிவுகள் ஏட்டில் அப்படியே கிடக்கின்றன.

உண்மையில் தொல்லை தருவது வேறு இரண்டு. ஒன்று, 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம். மற்றது தண்டனைச் சட்டக்கோவையில் ஆள்மாறாட்டத்தைப் பற்றிய 399ஆம் பிரிவு. தெருவில் நிற்கும் திருநங்கையரை மறிப்பதற்கு இவற்றையே காரணமாகக் காட்டுகிறார்கள். அடையாள அட்டையிலுள்ள பாலும் தோற்றமும் பொருந்தாதவர்களுக்கு ஒரு வழி உண்டு: 2016ஆம் ஆண்டு முதல், மனநல வைத்திய நிபுணரிடம் பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்றுப் பிறப்புச் சான்றிதழையும் அதைக் கொண்டு அடையாள அட்டையையும் மாற்றிக்கொள்ளலாம். நீண்ட அலைச்சல்தான், ஆனால் இங்கு வருவோரில் அதை முடித்தவர்கள் இருக்கிறார்கள், வழி சொல்வார்கள்.

அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை அமைதியாகக் கூடும் சுதந்திரத்தைத் தருகிறது. தனியாகவோ மற்றவர்களோடு சேர்ந்தோ தன் பண்பாட்டை அனுபவிக்கும் சுதந்திரமும் அதிலேயே இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எங்களைப் போன்ற ஆட்டக்காரருக்கு அதைவிடப் பொருத்தமான வரி வேறில்லை. யாராவது மறித்தால் வாக்குவாதப்படாமல் எங்களுக்கு அழையுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். அதற்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகங்கள் உண்டு.

இது வெளிநாட்டு ஆக்கள் காசு குடுத்துக் கொண்டுவந்த பழக்கம் இல்லையா?

காசைப் பற்றிய பதில் தகரப் பேணியில் இருக்கிறது. பழக்கத்தைப் பற்றியது கொஞ்சம் நீளமானது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி ஆடியதாக வரும் பதினோரு ஆடல்களில் ஒன்றின் பெயர் பேடு. ஆண்மை திரிந்து பெண் கோலம் பூண்ட காமன் ஆடியது. சிவன் ஆடிய கொடுகொட்டியோடும் திருமகள் ஆடிய பாவையோடும் ஒரே வரிசையில் அது வைக்கப்பட்டிருக்கிறது, யாரும் முகம் சுளித்ததாக அங்கே இல்லை. அன்று ஆடலின் பெயராக இருந்த சொல்லின் பிறவடிவம் இன்று தெருவில் ஏச்சாக எறியப்படுகிறது. வெளியிலிருந்து வந்தது எது என்று தேடினால், மேலே சொன்ன 1883ஆம் ஆண்டுச் சட்டம்தான் முதலில் கையில் அகப்படும்.

இன்னும் கிட்டவே ஒன்று உண்டு. கல்முனைக்கு அருகே பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் சடங்கின்போது பாண்டவர் வனவாசம் போவதைப் பார்க்கச் சனம் ஆண்டுதோறும் கூடுகிறது. அந்த வனவாசம் முடிந்து வரும் அஞ்ஞாதவாச ஆண்டில் அருச்சுனன் எங்கே இருந்தான்? விராடன் அரண்மனையில் பிருகன்னளையாக, ஆணும் பெண்ணும் அல்லாத கோலத்தில், அரசகுமாரி உத்தரைக்கு ஆடல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். வில்லாளிகளில் சிறந்தவன் என்று நாம் கும்பிடும் ஒருவனுக்கு, ஒளிந்திருக்கக் கிடைத்த இடம் ஒரு நடன வகுப்பு. எனக்கு அந்தக் கதையில் மிகவும் பிடித்த இடமும் அதுதான்.

கூத்தில ஆம்பிளையள் காலங்காலமாப் பொம்பிளை வேசம் கட்டுறாங்க தானே. அதுல இல்லாத என்ன புதுசு இதுல?

நல்ல கேள்வி, இதற்கு ஒரு வரிப் பதில் கிடையாது. பெண் வேடம் கட்டி ஆடும் ஆண்களுக்குக் கூத்தாடும் இடமான களரியில் இருந்த மதிப்பைச் சிறுவயதில் கண்டிருக்கிறேன். விடிய விடிய ஆடும் கூத்தில் சுபத்திரையாக வந்தவர் அழுதால் பாயில் இருந்த கிழவிகளும் அழுவார்கள். விடிந்து முகம் கழுவியதும் அவர் வயலுக்குப் போக வேண்டும், ஆணாக. அந்தச் சலுகை வேடத்துக்கே உரியது, ஆளுக்கு உரியது அல்ல. களரியில் பெண்ணாக ஆடியதைப் புகழ்ந்த அதே வாய், அந்த அசைவில் ஒரு துளி பகலில் அவர் கையில் மிஞ்சியிருந்தால் கேலி செய்யும். பெண்களைக் களரிக்குள் விடாத காலமும் அதே காலம்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பட்டறையில் வேடம் இல்லை. பாத்திரம் முடிந்ததும் கழற்ற வேண்டியது எதுவும் இல்லை. புதிதாக இருப்பது அவ்வளவுதான்.

நான் திருநங்கை. எங்க போனாலும் பொம்பிளை ஆட்டம்தான் ஆடச் சொல்லுவாங்க. இங்கயும் அப்பிடியா?

இல்லை. கூத்தில் அரசனுக்கு ஓர் ஆட்டம், பெண்ணுக்கு மெல்லிய ஓர் ஆட்டம் என்று பிரிவு உண்டு. நாங்கள் அந்தப் பிரிவை ஒளிக்காமல், இரண்டையும் எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கிறோம். விரும்பியதை எடுக்கலாம், இரண்டையும் ஒரே தாளத்தில் கலக்கலாம். ஒரு திருநம்பி பெண்ணாட்டத்தை விரும்பி ஆடுவார். அதனால் அவர் ஆண் என்பதில் எவருக்கும் ஐயம் வருவதில்லை. வடமோடி அரசர்களின் கரப்புடுப்பை எண்ணிப் பாருங்கள்: கோழி அடைக்கும் கரப்பைப்போல இடுப்பிலிருந்து விரிந்து நிற்கும் அந்த உடை, தூரத்திலிருந்து பார்த்தால் விரிந்த பாவாடைதான். துரியோதனன் அதைக் கட்டிக்கொண்டுதான் மீசையை முறுக்குகிறான்.

கூத்து எங்கட பாட்டன் பூட்டன் சொத்து. அத நீங்க இப்பிடி மாத்தலாமா?

இதைக் கேட்டவர் ஓர் அண்ணாவியார், கூத்துப் பழக்கும் ஆசான். முற்றத்தில் உட்கார வைத்துத்தான் கேட்டார், கோபமாக அல்ல. நான் சொன்னது இது: உங்கள் களரியில் நாங்கள் எதையும் மாற்றவில்லை. அண்ணாவியார் சட்டம் கொடுத்து (அவரவர் பாத்திரப் பாடத்தைக் கையளித்து), மாதக்கணக்கில் பழக்கி, அரங்கேற்றும் கூத்து அதன் இடத்தில் இருக்கிறது. நாங்கள் எடுப்பது ஆட்டத்தின் அசைவுகளை. கதையையோ சடங்கையோ அல்ல. அத்துடன், கூத்து மாறாமல் வந்த ஒன்றும் அல்ல. பேராசிரியர் மௌனகுரு அதை மேடைக்குக் கொண்டுவந்து சுருக்கியபோதும் பேச்சு எழுந்தது; சி. ஜெயசங்கர் மட்டக்களப்புச் சீலாமுனையில் ஊர் மக்களோடு சேர்ந்து கூத்தை மீளுருவாக்கம் செய்து, பனுவலில் பெண்களை இழித்துப் பேசும் இடங்களைக் கேள்விக்குட்படுத்தியபோதும் எழுந்தது.

அவர் ஏற்றுக்கொண்டார் என்று சொல்லமாட்டேன். ‘வீசாணத்தை மட்டும் பிழையாகப் பழக்கிவிடாதே’ என்றார். எங்கள் மத்தளக்காரர் இப்போது மாதம் ஒரு தடவை அவரிடம் போய் வருகிறார். இந்தக் கேள்வியில் நியாயம் அவர் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது என்றே இன்னும் நினைக்கிறேன்.

மனே, என்ட பிள்ளை அங்க வந்துதான் இப்பிடி ஆகிட்டான் என்டு சனம் கதைக்குது. உண்மையா?

இல்லை அம்மா. ஆடுவதால் ஒருவருடைய ஈர்ப்போ பாலின உணர்வோ மாறுவதில்லை. மாறுமென்றால், பாடசாலை விளையாட்டுப் போட்டியில் அணிநடை போட்ட எல்லாப் பிள்ளைகளும் படைவீரராகியிருக்க வேண்டும். இது நோயும் அல்ல. உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து 1990ஆம் ஆண்டே நீக்கிவிட்டது. உங்கள் பிள்ளை இங்கு வருவதற்கு முன்பும் இப்படித்தான் இருந்தார். உங்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

விறாந்தையில் ஒரு வாங்கு பெற்றோருக்கென்றே இருக்கிறது. உள்ளே வந்து பார்க்க முடியாது என்று மேலே சொல்லியிருக்கிறேன், பெற்றோருக்கும் அதே விதிதான். ஆனால் சத்தம் கேட்கும். ஆறு மணிக்குத் தேநீர் குடிக்க வாருங்கள். பிள்ளையின் சம்மதம் இல்லாமல் அவரைப் பற்றி உங்களிடம் எதுவும் சொல்லமாட்டோம் என்பதையும் முன்கூட்டியே தெரிவிக்கிறேன்.

எனக்குப் பதினாறு வயசு. வரலாமா?

18 வயது ஆகும் வரை வர முடியாது. இதைச் சொல்வது எனக்கு விருப்பமான காரியம் அல்ல, அந்த வயதில்தான் இது மிகவும் தேவைப்படும் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு பெற்றோரின் முறைப்பாடு போதும், மற்ற எல்லாருக்கும் இந்த இடம் இல்லாமற் போய்விடும். மனம் தாங்காத நேரத்தில் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள்.

நீங்க இடம் மாத்திட்டீங்க என்டு கேள்விப்பட்டன். ஏன்?

முன்பு இருந்த மண்டபத்தின் பொறுப்பாளர், ஒரு ஞாயிறு காலை, திறப்புத் தர முடியாது என்றார். முற்பணம் வாங்கியிருந்தார், அதைத் திருப்பித் தந்தார், காரணத்தைத் தரவில்லை. பதினான்கு பேர் வந்துவிட்டார்கள். கடற்கரைக்குப் போனோம். மணலில் பொடியடி எடுபடாது, கால் புதையும், சத்தமே வராது. சதங்கை மட்டும் காற்றில் குலுங்கிக்கொண்டிருந்தது. வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் எங்கள் தாளம் பிந்துகிறது என்று சொல்லி வந்து கைத்தாளத்தை வாங்கிக்கொண்டார். இப்போதுள்ள இடத்துக்கு வாடகை கூட. ஆனால் தரை நன்றாகப் பேசும்.

வாற ஆக்கள் ஆடி முடிச்சு மறுபடியும் பழைய மாதிரித்தானே தெருவில நடக்கணும்? என்ன பிரயோசனம்?

ஆம், பெரும்பாலோர் அப்படித்தான். கேற்றடியில் நின்று கவனித்தால் தெரியும்: சிலருக்குத் தோள் இறுகும், சிலர் கையை மடக்கிக்கொள்வார்கள், சிலர் குரலைத் தாழ்த்துவார்கள். முதலில் சொன்ன கட்டளைகள் எல்லாம் அந்த நாலு அடிக்குள் திரும்பி வந்துவிடும். அதை நிறுத்தச் சொல்லி நாங்கள் யாரிடமும் கேட்பதில்லை. பத்திரமாக வீடு போய்ச் சேர அது தேவைப்படுகிறது.

நகரில் தங்குவோர் ஐந்தாறு பேர், பஸ் பிடிக்கத் தேவையில்லாதவர்கள், சில மாதங்களாகப் பழைய கல்லடிப் பாலத்தின் வழியாக ஒன்றாக நடந்து போகிறார்கள். 1924இல் திறந்த அந்த இரும்புப் பாலம் ஒடுக்கமானது, பக்கத்தில் புதுப்பாலம் வந்தபின் அதில் நெரிசல் குறைவு. போன மாதம் நானும் போனேன். இருட்டத் தொடங்கியிருந்தது. முன்னால் போனவர்கள், மண்டபத்தில் நடந்ததைவிடக் கொஞ்சம் அடக்கமாகவும் கேற்றடியில் நடந்ததைவிடக் கொஞ்சம் தளர்வாகவும் நடந்தார்கள். பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர் ஒருதடவை நிமிர்ந்து பார்த்தார். தூண்டில் நூல் காலில் படும், பார்த்துப் போங்கள் என்றார்.